எந்த மரம் என்று கேட்பதற்கு முன்

ரொறன்ரோவின் வீட்டு விலையைத் தாங்க முடியாமல் வடக்கேயும் கிழக்கேயும் நகர்ந்து, லின்ட்சே, பீற்றர்பரோ, ஒறிலியா பக்கங்களில் காணியோடு வீடு வாங்கிய உறவினரும் நண்பர்களும் எனக்குச் சிலர் இருக்கிறார்கள். வீட்டோடு சேர்ந்து அவர்களுக்கு ஒரு விறகுக் கணப்பும் வந்துவிடுகிறது. இலைகள் நிறம் மாறத் தொடங்கும் நாட்களில் அவர்களிடமிருந்து தொலைபேசி வரும். "அண்ணை, எந்த மரத்து விறகு திறம்?" என்பதுதான் எப்போதும் கேள்வி. மேப்பிளா, ஓக்கா, ஆஷா என்று ஒரு பெயரை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். கவார்த்தா ஏரிப் பகுதியில் குளிர்காலத்தின் பெரும்பகுதியை விறகாலேயே ஓட்டிவருபவன் என்ற முறையில் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறொன்று: அந்த விறகு எந்த மாதம் பிளக்கப்பட்டது? மரத்தின் பெயர் விலையைத் தீர்மானிக்கும்; இரவில் எத்தனை மணிக்கு எழுந்து விறகு போட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும். அடுப்பு எரியுமா, புகையுமா என்பதை ஈரம்தான் தீர்மானிக்கும்.

இந்தப் பக்கத்தில் விறகு அழகுக்காக எரிக்கப்படுவது குறைவு. 1998 ஜனவரியில் உறைமழை பெய்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது, கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் வாரக்கணக்கில் மின்சாரமில்லாத வீடுகள் இருந்தன. 2025 மார்ச் இறுதியில் ஒறிலியா, பீற்றர்பரோ, கவார்த்தா பகுதிகளிலும் உறைமழை மரங்களை முறித்து மின்கம்பிகளின் மேல் போட்டது. தாங்கி நிறையப் புரொப்பேன் வாயு இருந்தாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் விசிறி மின்சாரமின்றிச் சுழலாது; விறகுக் கணப்புக்கு அந்தக் கவலை இல்லை. நான் இங்கே பேசுவது கண்ணாடிக் கதவு போட்ட, உருக்காலோ வார்ப்பிரும்பாலோ செய்த மூடிய அடுப்பைப் பற்றி. சுவரில் திறந்த வாயோடு இருக்கும் பழைய ஃபயர்பிளேஸின் கதை வேறு. அதில் போடும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே பெரிது. மீதி, புகைபோக்கி வழியே போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு எந்த விறகு நல்லது என்று கேட்டால், பார்க்க அழகாக எரியும் பேர்ச் போதும் என்று சொல்லிவிடுவேன்.

முதலில் மரத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஊரில் விறகு விற்கும் காலைக்குப் போய் நிறுத்து விறகு வாங்கிய தலைமுறைக்கு இது எளிதில் விளங்கும். எந்த மரமானாலும், நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் அடங்கியிருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பைன் போன்ற பிசின் மரங்களில் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்று சொன்னால் மேப்பிள் பக்தர்கள் நம்ப மறுப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். வேறுபாடு முழுவதும் அடர்த்தியில் இருக்கிறது. கனடாவில் விறகு நிறுத்து விற்கப்படுவதில்லை, அடுக்கி அளந்து விற்கப்படுகிறது. எனவே அதே இடத்தை அடைத்துக்கொள்ளும் வைரம் பாய்ந்த மரத்தில் எரிபொருள் அதிகம், இலேசான மரத்தில் குறைவு.

இங்குள்ள அளவு கோர்ட். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய விறகு, அதாவது 128 கன அடி. நன்றாகக் காய்ந்த சுகர் மேப்பிள் ஒரு கோர்ட்டில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பி.டி.யூ. வெப்பம் இருக்கிறது, மின்சாரக் கணக்கில் 7,000 யூனிட். இக்கால அடுப்பு அதில் 70 சதவீதத்தை வீட்டுக்குள் தந்தால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5,000 யூனிட். சிவப்பு ஓக்கும் வெள்ளை ஆஷும் இதே வரிசையில் நிற்கின்றன. அயர்ன்வுட் என்று இங்கே அழைக்கப்படும், அதிகம் பருக்காத ஒரு காட்டு மரம் இவற்றையும் தாண்டி 2 கோடியே 70 லட்சத்தை எட்டும்; ஆனால் அதை மட்டும் தனியாக விற்பவரைக் காண்பது அரிது, மற்ற விறகோடு கலந்து வரும்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளை பேர்ச் 2 கோடியை ஒட்டியும், வெள்ளை பைனும் பொப்லரும் ஒன்றரைக் கோடியை ஒட்டியும் இருக்கும்.

மேப்பிள் என்று ஒருவர் விற்கும்போது எந்த மேப்பிள் என்று கேட்பதும் அவசியம். சுகர் மேப்பிள்தான் வன்மரம். சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் ஒரு படி கீழே இருக்கின்றன. வேலியோரங்களில் களை போல வளரும் மனிடோபா மேப்பிள் அவற்றுக்கும் கீழே. பிளந்து குவித்த பிறகு இவற்றைப் பிரித்தறிவது கடினம், ஆனால் இரண்டு கைகளில் இரண்டு துண்டுகளை எடுத்துப் பார்த்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டும் ஒரே அளவு காய்ந்திருந்தால்.

இந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு, பலர் நினைப்பதற்கு மாறானது. பொப்லர் ஒரு கோர்ட் மேப்பிளின் பாதி விலைக்குக் கிடைத்தால் அது இலாபம்தான். அதை மட்டமான விறகு என்று ஒதுக்குபவர்கள், ஒக்டோபரிலும் ஏப்ரிலிலும் வெளியே 8 பாகை இருக்கும்போது அடுப்பு நிறைய மேப்பிளை அடைத்து, வீடு வெந்துபோய், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்த மாதங்களுக்கு வேண்டியது சட்டென்று பற்றி, ஒரு மணி நேரம் நன்றாக எரிந்து, அடங்கிவிடும் நெருப்பு. பாளையும் பன்னாடையும் கொக்கறையும் கொண்டு அடுப்பு மூட்டிய கைகளுக்கு இலேசான விறகின் பயன் தெரியாமலிருக்காது. வைரம் பாய்ந்த விறகின் அருமை தெரிவது ஜனவரி இரவில், வெளியே கழித்தல் 25 பாகை இருக்கும்போது. அடுப்பின் வயிறு மாறுவதில்லை. அதற்குள் இரவு பத்து மணிக்கு அடைக்கும் விறகு காலை வரை தணல் தர வேண்டுமென்றால், அடைக்கும் பொருள் கனமானதாக இருக்க வேண்டும். மேப்பிளும் ஓக்கும் சுவாலை அடங்கிய பிறகும் கனிந்த தணலாகப் பல மணி நேரம் நிற்கும். பைனும் பொப்லரும் அப்படி நிற்பதில்லை.

இனி ஈரம். பச்சை மரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொன்னால் முதல் முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. புதிதாக வெட்டிய சுகர் மேப்பிளில், முற்றிலும் உலர்ந்த மரம் 100 கிலோ என்றால் அதோடு 65 முதல் 70 கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கும். சிவப்பு ஓக்கின் வைரத்தில் 80 கிலோ. எல்ம் மரத்தில் மரமும் தண்ணீரும் ஏறத்தாழச் சமம். ஒரு கோர்ட் பச்சை மேப்பிளை முற்றத்தில் இறக்கினால் அதோடு முக்கால் தொன்னுக்கு மேற்பட்ட தண்ணீரையும் விலை கொடுத்து இறக்கியிருக்கிறீர்கள்.

அந்தத் தண்ணீரை ஆவியாக்க வெப்பம் செலவாகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் குறை. கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதல்ல. பச்சை விறகில்கூட மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அதற்குப் போகும். உண்மையான நட்டம் வேறிடத்தில் நடக்கிறது. விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயுக்கள் புகையாக வெளியேறுகின்றன. விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்தப் புகையில்தான் இருக்கிறது. அந்தப் புகை தீப்பற்ற ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும். புதிய அடுப்புகளின் மேற்பகுதியில் துளைகள் போட்ட குழாய்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறிய காற்றை அவை புகையின் மேல் ஊத, அங்கேயே இரண்டாவது நெருப்பு ஒன்று, அந்தரத்தில் மிதப்பது போல, பற்றிக்கொள்ளும். ஈர விறகு போட்ட அடுப்பில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை விறகின் சூடு 100 பாகைக்கு அருகிலேயே இழுத்துப் பிடிக்கப்படுகிறது. அடுப்பறை அந்த 600 பாகையை எட்டுவதே இல்லை. புகை எரியாமல் வெளியே போகிறது. விலை கொடுத்து வாங்கிய விறகில் பாதி எரியாமலே கூரைக்கு மேலே போய்விடுகிறது என்று இதற்குப் பொருள்.

போகிற வழியில் அது சும்மா போவதுமில்லை. புகைபோக்கியின் உட்சுவர் 120 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் புகை அதில் படிந்து, முதலில் கரித்தூளாகவும், பிறகு மினுமினுக்கும் தார் போலவும் கிரியோசோட் ஆகிறது. ஒருநாள் நெருப்பு மேலே எட்டும்போது அந்தப் படிவு தீப்பிடிக்கும்; புகைபோக்கிக்குள் 1,000 பாகைக்கு மேல் சூடு ஏறும். பைன் எரித்தால் கிரியோசோட் படியும் என்பது ஒன்ராறியோவில் அசைக்க முடியாத நம்பிக்கை. அது பிசினால் வருவதில்லை, எரியாத புகையால் வருகிறது. யூக்கொனில் காட்டுத்தீயில் செத்து நின்று காய்ந்த ஸ்புரூஸ் மரத்தைத்தான் மக்கள் குளிர்காலம் முழுவதும் எரிக்கிறார்கள். அங்கே மேப்பிளும் ஓக்கும் எங்கே போய்த் தேடுவது? ஈரமான மேப்பிளைக் காற்றை அடைத்துப் புகைய விடுபவர், காய்ந்த பைனை நன்றாக எரிப்பவரைவிட விரைவில் தம் புகைபோக்கியை அடைத்துக்கொள்வார்.

காய்ந்த விறகு என்று விற்பவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? என் மருமகன் சென்ற இலையுதிர்காலத்தில் விளம்பரம் பார்த்து விறகு இறக்கினார். "மாமா, நுனியெல்லாம் வெடித்திருக்கிறது, காய்ந்ததுதானே?" என்று கேட்டார். நுனியில் வெடிப்பு விழுவது மரம் காய்வதன் அடையாளம்தான், ஆனால் அந்த நுனி காய்ந்துவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு விரைவாக உலரும். உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். ஒரு துண்டை எடுத்து வெட்டுமுகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்தினோம்: 16 சதவீதம் காட்டியது. அதே துண்டைக் கோடரியால் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்தினோம்: 34. கையால் தொட்டாலே குளிர்ச்சி தெரிந்தது. விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்வதற்கில்லை. மரம் வெட்டப்பட்டு ஒரு வருடம் ஆகியிருக்கலாம். ஆனால் முழுத் தடிகளாகப் பட்டையோடு கிடந்துவிட்டு, விற்பனைக்கு முந்தின வாரம் பிளக்கப்பட்டிருக்கும். பட்டை ஈரத்தை விடாது. பிளந்த நாளிலிருந்துதான் மரம் ஒழுங்காகக் காயத் தொடங்குகிறது. அதனால்தான் வெட்டிய மாதத்தை விட்டுப் பிளந்த மாதத்தைக் கேட்கிறேன். அந்த விறகு இப்போது அவருடைய கொட்டிலில் அடுத்த குளிருக்காகக் காத்திருக்கிறது. அந்தக் குளிர்காலத்தை அவர் கடையில் கிடைக்கும் மரத்தூள் அழுத்திச் செய்த கட்டிகளை வாங்கி ஓட்டினார்.

ஈரமானி ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. விறகு வாங்குபவர் எல்லாரும் ஒன்று வைத்திருக்க வேண்டும். ஊசிகள் இரண்டும் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். 20 அல்லது அதற்குக் கீழே காட்டினால் எரிக்கலாம். உறைந்து கிடக்கும் விறகில் குத்தினால் பனிக்கட்டி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் இல்லாத வறட்சியைக் காட்டும்; ஜனவரியில் வாங்குபவர்கள் ஒரு துண்டை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு நாள் வைத்துப் பிறகு பிளந்து பார்க்க வேண்டும். மானி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஒரு துண்டில் அடையாளமிட்டு, தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதி, அடுக்கின் நடுவில் வைத்துவிட்டு மாதமொருமுறை நிறுத்துப் பார்ப்பது. எடை குறைவது நின்றுவிட்டால் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. இரண்டு துண்டுகளைத் தட்டி ஓசை கேட்கும் முறையையும் பலர் சொல்வார்கள். கணீரென்று ஒலித்தால் காய்ந்தது, மொத்தென்று ஒலித்தால் ஈரம். காது பழகியவர்களுக்கு அது சரிவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு மரத்தின் பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், இன்றைய ஒன்ராறியோவில் நான் சொல்வது ஆஷ். இதற்குக் காரணம் ஒரு வண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சையில் மினுங்கும், அரை அங்குலம்கூட இல்லாத அந்த வண்டு 2002ஆம் ஆண்டில் டிட்ரோயிட்டிலும் ஆற்றுக்கு இப்பால் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து அது ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வடக்கேயும் கிழக்கேயும் பரவிவருகிறது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் பாம்பு நெளிவது போலச் சுரங்கம் வெட்டி மரத்தின் சாறு ஓடும் பாதையை அறுத்துவிடுகின்றன. சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே சாகிறது. மரங்கொத்திகள் புழுவைத் தேடி மேற்பட்டையைச் செதிள் செதிளாகக் கொத்தி எறிவதால் செத்துக்கொண்டிருக்கும் ஆஷின் அடிமரம் தூரத்திலிருந்தே வெளிறித் தெரியும். பட்டையில் அரைவட்டமாக, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் சிறு துளைகள் வண்டு வெளியேறிய வழிகள். நமக்கு முக்கியமானது, புழு பட்டையோடு நின்றுவிடுகிறது என்பது. உள்ளே இருக்கும் மரம் கெடுவதில்லை.

ஆஷின் சிறப்பு அதன் இயற்கையிலேயே இருக்கிறது. மற்ற வன்மரங்களோடு ஒப்பிட்டால் பச்சையாக இருக்கும்போதே அதில் தண்ணீர் குறைவு: உலர்ந்த மரம் 100 கிலோவுக்குச் சுமார் 45 கிலோ. அதனால்தான் பச்சையாகவே எரிக்கலாம் என்ற பெயர் அதற்கு வந்தது. அந்தப் பெயரை நம்பிவிடக் கூடாது, 45 என்பது 20 ஆகிவிடாது. ஆனால் வசந்தத்தில் பிளந்து அடுக்கினால் ஒரே கோடையில் அது 20க்கு இறங்கிவிடும்; ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். நார் நேராக ஓடுவதால் கோடரி வைத்த இடத்தில் பிளக்கும். ஹொக்கி மட்டைகளும் பேஸ்போல் மட்டைகளும் இந்த மரத்தில் செய்யப்பட்டது அந்த நேரான, வளைந்து கொடுக்கும் நாருக்காகத்தான். வெப்பமோ மேப்பிளுக்குச் சமம். நின்றபடி செத்து ஓரிரு ஆண்டுகள் ஆன மரத்தில் மேற்பகுதி ஏற்கெனவே பெருமளவு காய்ந்திருக்கும். அடிப்பகுதி மட்டும் ஈரமாக இருக்கும் என்பதால் அதைத் தனியாக அடுக்குவது நல்லது. செத்து நாளான ஆஷை வெட்டி வீழ்த்துவது மட்டும் ஆபத்தான வேலை. மரம் நொறுங்கும் தன்மைக்கு வந்து, சங்கிலிவாள் அதிர்வுக்கே மேற்கிளை முறிந்து தலையில் விழும். சொந்தக் காணியில் நிற்கும் மரமானாலும் அதற்கு அனுபவமுள்ளவர்களை அழைப்பதே முறை.

இந்த வண்டு நெடுந்தூரம் பரவியது தன் சிறகால் அல்ல, பெருமளவு விறகு ஏற்றிய வாகனங்களில்தான். எனவே இந்த வண்டு காரணமாக ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து ஆஷ் மரப் பொருட்களையும் எந்த மரத்து விறகையும் வெளியே கொண்டு செல்வதைக் கனேடிய உணவு ஆய்வு முகமை தடைசெய்திருக்கிறது. 2023இல் நயாகரா ஃபோல்ஸில் ஓக் மரங்களைக் கொல்லும் வாடல் நோயும் கண்டறியப்பட்டது. அதுவும் விறகோடு பயணம் செய்யக்கூடியது. கோடையில் முகாமுக்குப் போகும் நம்மவர்கள் வாகனத்தின் பின்னால் வீட்டு விறகை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். மிச்சம் பிடிக்கும் சில டொலருக்காக இன்னொரு காட்டுக்கு நோயைக் கொண்டு போக வேண்டியதில்லை. எரிக்கும் இடத்திலேயே வாங்கலாம்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஓக்கை இரண்டு ஆண்டு காக்கும் இடமும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். பேர்ச்சைக் கட்டாயம் பிளக்க வேண்டும், அதன் பட்டை தண்ணீர் புகாததால் பிளக்காத தடி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். உரிந்து வரும் அந்தப் பட்டையோ நெருப்பு மூட்டுவதற்கு இணையற்றது. எல்ம் மரத்தின் நார் பின்னிக் கிடப்பதால் கோடரி உள்ளே போனால் வெளியே வராது, இயந்திரம் இருப்பவர்கள் மட்டும் தொடலாம். சீடரைச் சுள்ளிக்காக வைத்துக்கொள்வது போதும்.

அளவில் ஏமாறுவது மரத்தில் ஏமாறுவதைவிட எளிது. கனடாவில் சட்டப்படி வரையறை உள்ளது 128 கன அடி கோர்ட் ஒன்றுக்குத்தான். ஒன்ராறியோக் கிராமங்களில் அதைப் புஷ் கோர்ட் என்பார்கள். ஃபேஸ் கோர்ட் என்பது 4 அடி உயரம், 8 அடி நீளத்தில் ஒற்றை வரிசை. துண்டு 16 அங்குலமாக இருந்தால் அது கோர்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, துண்டு 12 அங்குலமாகக் குறைந்தால் கால் பங்குதான். விளம்பரத்தில் வெறுமனே கோர்ட் என்று போட்டு ஃபேஸ் கோர்ட்டை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 8 அடிப் பெட்டி உள்ள பிக்அப் வண்டியில் பக்கப்பலகை மட்டத்துக்கு ஒழுங்காக அடுக்கினாலும் அரை கோர்ட்தான் கொள்ளும். அள்ளிப்போட்டால் அதற்கும் குறைவு. ஒரே நடையில் ஒரு கோர்ட் கொண்டு வந்தேன் என்று பிக்அப்காரர் சொன்னால், பணத்தைக் கொடுக்கும் முன் அடுக்கி, நாடா பிடித்து அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துண்டின் நீளத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுப்பின் உள்நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக இருந்தால்தான் கதவு மூடும்.

வாங்கிய விறகைக் கவனிப்பதிலும் பாதி வேலை இருக்கிறது. நிலத்தில் படாமல் பலகைத் தட்டுகளின் மேல், ஒற்றை வரிசையாக, காற்றும் வெயிலும் படும் திசையில் அடுக்கி, மேலே மட்டும் மூட வேண்டும். நீலத் தார்ப்பாயால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி வைப்பவர்கள் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். அடுக்கும்போது பட்டையில் மயிர் முளைத்தது போன்ற காய்ந்த கொடி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டையும் பார்ப்பேன். தென் ஒன்ராறியோவின் நச்சுக்கொடி அது. தொட்டால் தோல் கொப்பளிக்கும், எரித்தால் அந்தப் புகை நுரையீரலுக்குள் போய் அதே வேலையைச் செய்யும். அந்தத் துண்டு அடுப்புக்குப் போகவே கூடாது. சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பச்சை நிற மருந்தேற்றிய வேலிக்கட்டைகள் ஆகியவற்றுக்கும் அதே விதி. பழைய வேலிக்கட்டைகளில் ஆர்சனிக் இருக்கும்.

வீட்டுக் காப்புறுதிக்காரர் கணப்பைப் பற்றிக் கேட்பார். விறகு அடுப்புகளைச் சோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழ் உள்ள பரிசோதகரின் அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புகைபோக்கியை ஆண்டுக்கொரு முறையாவது துடைக்க வேண்டும். அயலவரின் மூக்கும் கணக்கில் வர வேண்டும். மொன்றியல் நகரம் 2018 ஒக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகு அடுப்புகளைப் பயன்படுத்தத் தடைவிதித்திருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாதபோது மட்டும் விலக்கு. கூரைக்கு மேலே பார்த்தால் நம் நிலை தெரிந்துவிடும். மூட்டிய சிறிது நேரத்துக்குப் பிறகும் நீலப் புகை தெரிந்தால் விறகு ஈரம், அல்லது காற்றை அடைத்துவிட்டோம்.

ஆஷைப் பரிந்துரைக்கும்போதே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்த வசதி நெடுநாள் நீடிக்காது. எங்கள் பக்கத்தில் நின்று செத்த பெரிய ஆஷ்களில் பல இப்போதே அடி உளுத்து விழத் தொடங்கிவிட்டன; விறகு வெட்டித் தரும் அயல் பண்ணைக்காரர் இன்னும் சில குளிருக்குத்தான் தாங்கும் என்கிறார். அதனால் இந்த ஆண்டு ஆஷோடு சேர்த்து, உடனே எரிக்கும் எண்ணமில்லாமலே, ஒரு கோர்ட் பச்சைச் சுகர் மேப்பிளும் ஒரு கோர்ட் சிவப்பு ஓக்கும் கேட்டிருக்கிறேன். பச்சையாக வாங்கினால் விலையும் குறைவு. மேப்பிள் அடுத்த ஆண்டுக்கு. ஓக் அதற்கும் அடுத்த ஆண்டுக்கு, கொட்டிலின் தெற்குப் பக்கத்தில், வந்த மாதத்தை முன்கட்டையில் எழுதி.